சிறிய நாட்டு வானத்துக்கு யார் காவல்: சொந்தப் போர் விமானமா, கூட்டாளியா, ஏவுகணையா?

2014 பிப்ரவரி 17 அதிகாலை, கடத்தப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் ஜெனீவாவில் இறங்கியது. கூடவே பறந்து வந்தவை இத்தாலி, பிரான்ஸ் நாட்டுப் போர் விமானங்கள். சுவிட்சர்லாந்திடம் எஃப்/ஏ-18 போர் விமானங்கள் இருந்தும் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. அலுவலக நேரம் இன்னும் தொடங்கவில்லை! இரண்டு விமானங்களை 15 நிமிடத்தில் எழும்பும்படி இரவு பகலாக நிறுத்திவைக்க அந்தப் பணக்கார நாட்டுக்கே 2020 முடியும்வரை ஆனது.

இடிப்பது ஆள் கணக்கில்தான். இரண்டு விமானி இருக்கைக்கு வாரம் 336 மணி நேரக் காவல். ஆளுக்கு 40 மணி என்றால் எட்டுப் பேருக்கு மேல். விடுப்பு, பயிற்சி சேர்த்தால் அது இரட்டிப்பாகும். பராமரிப்பில் நிற்பவை போக இரண்டு எப்போதும் தயாராக வேண்டுமானால், பத்துப் பன்னிரண்டு விமானங்களாவது வேண்டும். ஆஸ்திரியா 15 யூரோஃபைட்டர் வைத்திருக்கிறது.

ஆனால் ரேடியோ தொடர்பு அறுந்த பயணிகள் விமானத்தின் இடப்பக்கம் சற்று முன்னே போய், இறக்கையை ஆட்டிக் காட்டி, 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் கூப்பிட்டு, விமானி அறையை எட்டிப் பார்க்கப் போர் விமானத்தால்தான் முடியும். ஏவுகணையை வைத்துச் சுடலாம் அல்லது சுடாமல் சும்மா இருக்கலாம், அவ்வளவுதான்.

இந்த ரோந்து வேலையை இரவல் வாங்கலாம். எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றுக்கும் 2004 முதல் நேட்டோ கூட்டாளிகளே முறைவைத்துப் பறக்கிறார்கள். லக்சம்பர்க்குக்கு பெல்ஜியமும் நெதர்லாந்தும். 2025 செப்டம்பர் 19 அன்று மூன்று ரஷ்ய மிக்-31 போர் விமானங்கள் எஸ்டோனிய வான்வெளியில் 12 நிமிடம் இருந்தபோது எதிர்கொண்டவை இத்தாலியின் எஃப்-35கள். அணி சேராத நாட்டுக்குப் பொதுவாக இந்த வசதி கிடையாது. அது பெரும்பாலும் விமானத்துக்குச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

போர் என்று வந்துவிட்டால் கதை வேறு. ஓடுபாதையில் நாலு குழி விழுந்தால் விமானம் கொட்டகையில் முடங்கும். லாரியில் ஏற்றிய ஏவுகணை இடம் மாறிக்கொண்டே இருக்கும். லிதுவேனியாவின் நாசாம்ஸ் என்ற தரைவழி வான்காப்பு அமைப்பு ஏவுவது, போர் விமானங்களில் மாட்டும் அதே அம்ராம் ஏவுகணையைத்தான். விமானம் தரும் வேகமும் உயரமும் இல்லாததால் தரையிலிருந்து அதன் வீச்சு பாதிக்கும் கீழே. எஸ்டோனியாவும் லாட்வியாவும் 2023இல் வாங்க ஒப்பந்தமிட்ட ஐரிஸ்-டி எஸ்எல்எம் என்ற தரைவழி ஏவுகணை அமைப்பு சுமார் 40 கிலோமீட்டர் எட்டும். ஒரு தலைநகரையும் ஒரு விமான நிலையத்தையும் காக்க அது போதும். நாடு முழுவதையும் மூடாது. மலிவான டிரோன்களுக்கு இவற்றைச் செலவழித்தால் கையிருப்பு சில நாளில் காலி. அதற்குப் பீரங்கியும், டிரோனின் ரேடியோ தொடர்பைக் குழப்பும் அலைத்தடுப்புக் கருவியும் தனியாக வேண்டும்.

என் கணக்கில் முதல் செலவு இவை எதற்கும் அல்ல, ரேடாருக்கு. விமான நிலைய இரண்டாம்நிலை ரேடார், விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற பதில் சொல்லும் கருவியை நம்பியது; அதை அணைத்துவிட்டு வருபவனைக் காட்டாது. அலையை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் முதல்நிலை ரேடாருக்கும் பூமியின் வளைவு தடை: 25 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு, 100 மீட்டர் உயரத்தில் வருவது அதிகபட்சம் 62 கிலோமீட்டரில்தான் தெரியும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அது நான்கு நிமிடத் தூரம். 15 நிமிடத் தயார்நிலை அங்கே உதவாது. நடுவில் ஒரு மலை இருந்தால் அந்த நான்கும் குறையும். பள்ளத்தாக்குகளை எட்டிப் பார்க்கச் சிறு ரேடார்களை இடையிடையே நட வேண்டியிருக்கும்.