குட்டி யானைக்கு ஹீட்டர் பிளக் மாத்துனது: மேட்டுப்பாளையத்துல போர்டு இல்லாத ஒரு ஷெட்டு

என்னோடது பழைய டாட்டா ஏஸுங்க, குட்டி யானைன்னு சொல்வோமே அதேதான், 702 சிசி, ரெண்டு சிலிண்டர் டீசல். மேல ஊட்டி பக்கம் கேத்தி பாலாடாவுல கேரட் ஏத்திட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு எறக்கறதுதான் சோலி. ராத்திரி கேரட் கழுவற மெஷின் ஓடிட்டு இருக்கும், வண்டி வெளிய பனியில நிக்கும், வெள்ளன நாலு மணிக்கு லோடு ரெடின்னு கூப்புடுவாங்க. கீழ மேட்டுப்பாளையத்துல எந்நேரமும் ஒரே செல்ஃப்ல புடிக்கற வண்டி, மார்கழி தையில மேல போனா மட்டும் கர்ர் கர்ர்னு இழுத்துட்டே இருக்கும், புடிச்சாலும் ஒரு சிலிண்டர்ல மட்டும் ஓடற மாதிரி வண்டியே குலுங்கி வெள்ளப் புகையா கக்கும்.

போன வருசம் கோயமுத்தூர்ல ஒரு எடத்துல காட்டுனேன், பேட்டரி போச்சுன்னு புதுசு மாட்டுனாங்க, செல்ஃப் மோட்டாரையும் கழட்டி வேல பாத்தாங்க, ஏழாயிரத்துக்கு மேல போச்சு, அடுத்த வாரமே பாலாடாவுல அதே கததான். அந்த வயித்தெரிச்சல்லதான் இதை எழுதறேன், வேற யாரும் இப்படி காசு விடக்கூடாதுங்க.

கனடாவுல எட்மண்டன்ல இருக்கற மச்சாண்டர் பையன்கிட்ட சொன்னப்ப, அங்கெல்லாம் பிளாக் ஹீட்டர்னு ஒன்னு இஞ்சின் பிளாக்குலயே மாட்டிருப்பாங்க மாமா, ராத்திரி வீட்டுக் கரண்டுல சொருகி வெச்சா கூலண்ட் சூடாவே இருக்கும், காலைல டக்குனு புடிக்கும்னான். நம்ம வண்டிக்கும் அதே மாட்டிரலாம்னு நெனச்சுத்தான் இந்த ஷெட்டுக்கே போனேன்.

மெக்கானிக் அண்ணன் பொறுமையா கேட்டாரு. "அங்க மைனஸ் முப்பது போவுமுங்ணா, அவங்களுக்கு அது வேணும். நம்ம ஊட்டியில எவ்வளவு பனி கொட்டுனாலும் பூஜ்ஜியம், அதுக்குக் கொஞ்சம் கீழ. அதுவும் காட்டோரத்துல நிறுத்தறீங்க, பிளக்க எங்கீங்ணா சொருகுவீங்க? உங்க வண்டியிலயே ஹீட்டர் பிளக் இருக்குது, அது வேல செய்யுதான்னு மொதல்ல பாப்போம்"னாரு. நான் சாவி போட்டா டேஷ்போர்டுல அந்த ஹீட்டர் பிளக்கோட சுருள் லைட் எரியுதுங்களேன்னேன். லைட் எரியறது வேற, பிளக் சூடாவறது வேறன்னாரு. இது இத்தன நாளா எனக்குத் தெரியாதுங்க.

டீசலுக்கு ஸ்பார்க் கெடையாதில்லீங்களா, காத்த அமுக்கற சூட்டுலயே பத்திக்கணும். இஞ்சின் இரும்பு சில்லுனு இருந்தா அந்தச் சூட்ட அது இழுத்துக்கும், அதனாலதான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளக் வெச்சு உள்ள முனைய தகதகன்னு சூடாக்கறாங்க. அவரு ஒயர கழட்டிட்டு மீட்டர் வெச்சுப் பாத்தாரு. ஒரு பிளக் மொத்தமா கட், மீட்டர் அசையவே இல்ல. இன்னொன்னு சரியா கரண்டே இழுக்கல. பிளக்குக்குக் கரண்ட உடற சுவிட்ச் மாதிரி ரிலேன்னு ஒன்னு, அதையும் பாத்தாரு, நல்லாருக்குது. எதுக்கும் அதையும் மாத்திருங்கன்னு நானே சொல்லியும், நல்லா இருக்கறத எதுக்குங்ணா மாத்தணும்னு உட்டுட்டாரு.

கழட்டறதுதான் பெரிய வேலைங்க. பிளக் கரி புடிச்சு இறுகிக் கெடந்துச்சு. ஸ்பேனர் போட்டு ஒரே இழுப்பா இழுத்தா உள்ளயே முறிஞ்சுக்கும், அப்பறம் ஹெட்டக் கழட்டணும். இஞ்சின சூடாவற வரைக்கும் ஓட்டி, துரு எடுக்கற ஆயில அடிச்சு உட்டுட்டு செத்த நேரம் அப்படியே வெச்சிருந்து, கால் சுத்து முன்னால கால் சுத்து பின்னாலன்னு கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாரு. ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ஓட்டையில இருந்த கரிய சொரண்டி எடுத்துட்டு, பாஷ் கம்பெனி புது பிளக் ரெண்டையும் கையிலயே மரை ஏத்தி, கடைசில அளவா டைட் வெச்சாரு. அந்த நிதானத்துக்கே தனியா காசு குடுக்கலாமுங்க.

பிளக் ரெண்டும் 960, கூலி 500, மொத்தம் 1,460 ரூவா.

அனுப்பறப்ப கண்டிச்சு ஒன்னு சொன்னாரு. பாலாடாவுல சில பேரு ஏர் ஃபில்டர்ல ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பாங்க, துணிய கொளுத்திக் காட்டறதும் உண்டு. சூடான ஹீட்டர் பிளக் இருக்கற இஞ்சினுக்கு அந்த ஸ்பிரே ஆவவே ஆவாது, நேரங்கெட்ட நேரத்துல பத்திக்கிட்டு பிஸ்டனயே ஒடச்சுரும்னாரு.

அடுத்த வாரமே மேல போனேன். கண்ணாடி பூரா பனி ஒறஞ்சு சுரண்டி எடுக்கற மாதிரி இருந்துச்சு. சாவி போட்டு சுருள் லைட் அணையற வரைக்கும் காத்திருந்து ஒரே செல்ஃபு, புடிச்சுக்கிச்சுங்க! குலுக்கல் இல்ல, பொகை லேசா வந்து நின்னுருச்சு. லோடுகார பையன் பேட்டரி மாத்துனீங்களாண்ணான்னு கேட்டான்.

கொறைன்னு பாத்தா, வண்டி வரிசைல நிக்கும், காலைல உட்டா பொழுது சாயத்தான் கெடைக்குது. உக்கார எடமில்ல. பில்லு துண்டுச் சீட்டுலதான். போர்டும் கெடையாது, காரமடையில இருந்து வரப்ப மேட்டுப்பாளையத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி புளியமரத்தடில தகர ஷெட்டு, வாசல்ல எப்பவும் நாலு குட்டி யானை நிக்கும். அமாவாச அன்னிக்கு மட்டும் போயிராதீங்க, வனபத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போயிருவாரு, கடை தொறக்காது.