ஒரே சின்னமா, உருமாறும் தொகுப்பா, மாஸ்காட்டா?

ஒரு வட்டாரத்தின் சுற்றுலா அமைப்புக்கு அடையாளம் வடிவமைக்கும் வேலை அண்மையில் கைக்கு வந்தது. முன்னால் மூன்று வழிகள் இருந்தன: எங்கும் ஒரே மாதிரி நிற்கும் ஒற்றைச் சின்னம், தேவைக்கேற்ப உருமாறும் ஐகான் தொகுப்பு, அப்புறம் மாஸ்காட், அதாவது ஊரின் முகமாக வலம்வரும் பொம்மைப் பாத்திரம். நான் எடுத்தது முதல் வழி. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

அழகில் ஐகான் தொகுப்பை மிஞ்ச முடியாது. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரம் 2014இல் வெளியிட்டதைப் பாருங்கள். அந்த ஊர்ச் சுவர்களில் பதிந்திருக்கும் நீல ஓடுகளின் சாயலில் பாலம், தேவாலயம், டிராம் என்று எழுபதுக்கும் மேற்பட்ட கோட்டு ஐகான்கள். அடுத்தடுத்து வைத்தால் சேர்ந்து ஒரே பரப்பாகிவிடும். நார்வேயின் வடகோடியில் இருக்கும் நோர்ட்கின் தீபகற்பம் இன்னும் ஒரு படி மேலே போனது. காற்றின் திசையையும் வெப்பநிலையையும் வானிலைத் தரவிலிருந்து எடுத்துக்கொண்டு, லோகோவின் வடிவமும் நிறமும் தானாக மாறும்படி செய்தது. இதைப் பார்த்த எந்த வடிவமைப்பாளருக்கும் கை துறுதுறுக்கும்.

ஆனால் கோப்புகளை ஒப்படைத்துவிட்டு நாம் கிளம்பிய பிறகு அது யார் கையில் வாழும்? எனக்கு மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஒரு நிறுவனத்தின் லோகோவைப் பயன்படுத்துபவர்கள் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். விதியை மீறினால் கூப்பிட்டுச் சொல்லலாம். சுற்றுலா அடையாளத்தின் கதை வேறு. விடுதிக்காரர், படகோட்டி, வேன் நடத்துபவர், வழிகாட்டி, கைவினைப் பொருள் விற்பவர் என்று யார் யாரோ எடுத்துப் போடுவார்கள், போட வேண்டும். அதற்காகத்தானே செய்கிறோம். அவர்களில் யாரும் நம் நூறு பக்கக் கையேட்டைத் திறக்கப்போவதில்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் கோப்பு இருக்கும் இணைப்பைத் தேடுவதைவிட, போனில் வந்த படத்தை அப்படியே அச்சகத்துக்கு அனுப்புவது எளிது.

ஒரு விடுதியின் பெயர்ப்பலகையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அதில் இருந்த ஒற்றைச் சின்னத்தைப் பக்கவாட்டில் இழுத்திருந்தார்கள். பச்சை வெளுத்து மஞ்சளாகியிருந்தது. சுற்றிலும் ஸ்கிரீன்ஷாட்டின் வெள்ளைக் கட்டம் அப்படியே தெரிந்தது. இத்தனைக்கும் அது எந்த வட்டாரத்தின் சின்னம் என்று தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே சொல்ல முடிந்தது. ஐகான் தொகுப்பு இதே கதிக்கு ஆளானால் நிலைமை வேறு. ஒருவர் நான்கு ஐகானை வெட்டி ஒட்டுவார்; இன்னொருவர் தன் அருவிக்குத் தானே ஒன்று வரைந்து தடித்த கோட்டில் சேர்ப்பார். கோட்டின் தடிமனும் இடைவெளியும் போய்விட்டால் தொகுப்பு என்று ஒன்று மிஞ்சாது. புது ஐகான் கேட்டு ஆண்டுதோறும் கோரிக்கை வரும். அதை வரைந்து, சரிபார்த்து, பழையதை விலக்க ஆள் வேண்டும். முதல் ஆண்டுக்குப் பிறகு அந்த ஆளுக்கு நிதி ஒதுக்கும் சுற்றுலா அமைப்புகள் குறைவு.

ஒற்றைச் சின்னம் சிதைவைத் தாங்கும். வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர் 1977இல் நியூயார்க் மாநிலத்துக்குச் செய்த 'I ♥ NY' சின்னம் மூன்று எழுத்தும் ஒரு சிவப்பு இதயமும்தான். யார் கையால் கிறுக்கினாலும் அடையாளம் தெரிகிறது. ஸ்பெயினின் சுற்றுலாவுக்கு 1983இல் வந்த ஓவியர் ஜுவான் மிரோவின் சூரியன் நாற்பது ஆண்டு தாண்டியும் ஓடுகிறது. தூரிகைத் தீற்றல் என்பதால் அதில் நேர்கோடு கிடையாது; கொஞ்சம் கோணினாலும் கண்ணில் உறுத்தாது. நான் வைத்த சோதனையும் இதை ஒட்டியதே: ஒரே நிறத்தில், ரப்பர் ஸ்டாம்பில், தொப்பித் தையலில், போன் திரையின் ஓரத்தில் நின்றால் சரி. நிற்காத வரைவுகளைக் கழித்தேன்.

குறை இல்லாமல் இல்லை. ஒற்றைச் சின்னத்தில் கடற்கரைக்காரருக்கு மலை மட்டும் தெரிகிறது, மலைக்காரருக்குக் கடல் மட்டும் தெரிகிறது. 'எங்கள் ஊர் எங்கே?' என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வந்தது. ஒவ்வோர் ஊரையும் காட்டும் வேலையைப் புகைப்படங்களிடம் விட்டேன். எல்லோரும் சமாதானமானார்கள் என்று சொல்ல மாட்டேன். வேரூன்றிய சின்னத்தை மாற்றுவதும் பெரும்பாடு. 2023இல் நியூயார்க் நகரம் கிளேசரின் வடிவத்தைத் தழுவி 'நாங்கள்' என்று தொடங்கும் புதுச் சின்னம் கொண்டுவந்தபோது கேலிதான் அதிகம் வந்தது.

மாஸ்காட் வேலை நான் செய்ததில்லை, வெளியிலிருந்து பார்த்ததை வைத்தே சொல்கிறேன். ஜப்பானின் குமமோட்டோ மாகாணம் 2010இல் இறக்கிய கரடி குமாமோன் பெரிய வெற்றி. அனுமதி வாங்கினால் கட்டணமின்றிப் பொருள்களில் அச்சிடலாம் என்று திறந்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அனுமதிகளைப் பார்க்க ஓர் அலுவலகம், உடைக்குள் ஓர் ஆள், ஓயாத நிகழ்ச்சிகள் என்று அதன் பின்னால் ஓர் அரசாங்கமே நிற்கிறது.

அமைப்புக்குள்ளேயே முழுநேர வடிவமைப்பாளர் இருந்து, ஐந்தாண்டுக்காவது அந்தப் பணியிடம் உறுதி என்றால் போர்ட்டோ வழியை நானே பரிந்துரைப்பேன். அப்போதும் ஐகான் கோப்புகளை வெளியே தர மாட்டேன். ஐகான்களை அடுக்கி முடித்த, அச்சுக்குத் தயாரான முழு வடிவமைப்புகளாக மட்டுமே கொடுப்பேன்.