மார்கழி விடியலில் திருப்பாவையா, அன்னமய்யாவா?

ஆந்திர எல்லையில், நகரி பக்கம் எங்கள் தெருவில் கடைப் பலகை தெலுங்கில், வீட்டுப் பேச்சு தமிழில். மார்கழி பிறந்தால் பஜனைக்கு எதை முதலில் எடுப்பது என்று வருஷா வருஷம் இழுபறிதான்.

திருப்பாவையில் ஒரு வசதி: மொத்தம் 30 பாட்டு, நாளுக்கு ஒன்று. 6 முதல் 15 வரை தோழிகளை எழுப்புகிற பாட்டுகள். பதினைந்தாவதில் உள்ளே படுத்திருப்பவளும் வெளியே நிற்பவர்களும் பதிலுக்குப் பதில் பேசிக்கொள்வார்கள். நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பாடுவோம், குளிர் பறந்துவிடும். 27-ஆம் நாளைச் சொல்லவே வேண்டாம். முழங்கை வழியே நெய் வழியும் பாற்சோறு பாட்டிலேயே இருக்கிறது. அக்காரவடிசில் வராமல் யார் எழுந்து போவார்? (எங்கள் அத்தை கையில் நெய் மணிக்கட்டோடு நின்றுவிடும்.)

திருமலை வேங்கடவனைத் தெலுங்கில் பாடிய அன்னமய்யா (1408–1503) வேறு ரகம். செப்பேடுகளில் கிடைத்த கீர்த்தனைகளே 12,000-க்கு மேல். எதை எடுப்பது, எதை விடுவது? ஏட்டில் ராகத்தின் பெயர் உண்டு, மெட்டு இல்லை. இன்று கேட்பவை பெரும்பாலும் பிற்கால வித்வான்கள் போட்டவை. ஆனால் பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் தெலுங்கு எழுத்தே தெரியாத பிள்ளைகளும் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

விடியலுக்கு என் ஓட்டு திருப்பாவைக்கே. திருமலையிலேயே மார்கழியில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவைதானே! ராத்திரி சுவாமியைத் தூங்கவைக்கிற ஏகாந்த சேவைக்கு மட்டும் அன்னமய்யா தாலாட்டு. எங்கள் வீட்டுத் தொட்டிலுக்கும் அதுதான்.