சிலைக்குப் பென்சில், கட்டடத்துக்குப் பேனா

ஊர் சுற்றப் போகும்போது ஸ்கெட்ச் புக் எடுத்துப்போகிறவர்களுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. பை நிறையச் சாமான் இருக்கும். பென்சில் நாலு, பேனா மூணு, வாட்டர் கலர் டப்பா, போதாக்குறைக்கு ஒரு டேப்லெட். அப்புறம் ஒரு குதிரைவீரன் சிலைக்கு முன்னால் நின்று எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே பத்து நிமிஷம் போய்விடும். அதற்குள் கூட வந்தவர்கள் "ஆச்சா?" என்று ஆரம்பித்திருப்பார்கள்.

பல வருஷம் அப்படித் தடுமாறிய பிறகு நான் வைத்துக்கொண்ட விதிதான் தலைப்பில் இருக்கிறது. ஏன் அப்படி, எங்கே அது உதவாது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் சிலை. சிலையில் கோடு என்று ஒன்று கிடையாது. கன்னம் எங்கே முடிந்து தாடை எங்கே தொடங்குகிறது என்று எந்தச் சிற்பியும் கோடு கிழித்து வைப்பதில்லை. வெளிச்சம் மெல்ல மங்கி நிழலாவதைத்தான் நாம் மூக்கு என்றும் முழங்கால் என்றும் படிக்கிறோம். பளிங்கு என்றால் கேட்கவே வேண்டாம். பீடத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழிருந்து மேலே ஏறுவதால், தாடைக்கு அடியில் இருக்கும் நிழல்கூடக் கறுப்பாக இருக்காது, சாம்பலாகத்தான் இருக்கும். இந்த மங்கலைப் பேனாவில் கொண்டுவர வேண்டுமானால் குறுக்குக்கோடு குறுக்குக்கோடாகப் போட்டு நிரப்ப வேண்டும். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அதற்குள் சிலைக்குத் தாடி முளைத்த மாதிரி ஆகிவிடும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். 2பி என்ற மென்மையான பென்சிலைப் படுக்கவைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் அதே நிழல் வந்துவிடுகிறது.

இன்னொரு காரணம், சிலையில் தப்பு உடனே தெரியும். ஜன்னல் ஒன்று நாலு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கண் ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் ராணுவத் தளபதி மாறுகண்காரர் ஆகிவிடுவார். அதனால் அழிக்கக்கூடிய ஒன்று கையில் இருப்பது நல்லது.

குதிரைச் சிலையில் இது இன்னும் கஷ்டம். நான் முதலில் குதிரையின் தலையில் ஆரம்பித்து, ஆசையாகப் பிடரிமயிரெல்லாம் போட்டு, கால்களுக்கு வரும்போது தாள் தீர்ந்து நின்றிருக்கிறேன். இப்போது பீடத்தின் அடிக்கோட்டையும் வீரன் தலையின் உச்சியையும் முதலில் புள்ளி வைத்துக்கொள்கிறேன். அப்புறம் காலை வரைவதில்லை. கால்களுக்கு நடுவில் தெரியும் வானத்துண்டுகளை வரைகிறேன். ஒன்று முக்கோணமாக இருக்கும், ஒன்று கோணல் நாற்கரமாக இருக்கும். அந்தத் துண்டுகள் சரியாக விழுந்தால் கால்கள் தானாக நின்றுவிடும். குதிரையின் கால் எப்படி இருக்கும் என்று மனசுக்குத் தெரியும் என்பதுதான் நமக்கு எதிரி. வானத்துண்டு எப்படி இருக்கும் என்று அதற்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது.

இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் சிற்பிகளின் வேலை தெரியவரும். வெண்கலக் குதிரை ஒரு காலைத் தூக்கினால் மொத்த எடையும் மூணு காலில் இறங்க வேண்டும். இத்தாலியின் படுவாவில் டோனடெல்லோ என்ற சிற்பி செய்த கட்டமெலாட்டா என்ற தளபதியின் சிலையில், தூக்கிய முன்னங்காலுக்கு அடியில் ஒரு உருண்டை இருக்கும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1782-இல் திறந்த மகா பீட்டர் சிலையில் குதிரை இரண்டு பின்னங்கால்களில் எழும்பி நிற்கிறது. மூணாவது தாங்கல் வால்தான். அது கீழே கிடக்கும் பாம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சும்மா நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பாம்பைக் கதைக்காக வைத்தது என்று நினைத்துக்கொள்வார்கள். வரைகிறவனுக்கு "இந்த எடை எங்கே இறங்குது?" என்ற கேள்வி வந்தே தீரும்.

பீடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலை நம் கண்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. ரொம்பக் கிட்டே நின்றால் முழங்கால் பெரிதாகவும் தலை சிறிதாகவும் தெரியும். சிலை உயரத்தைப் போல இரண்டு மூணு மடங்கு தூரம் தள்ளி நில்லுங்கள். மைக்கலாஞ்சலோவின் தாவீது 5.17 மீட்டர் உயரம். அதில் தலையும் வலது கையும் உடம்புக்குச் சற்றுப் பெரிது. தேவாலயத்தின் உச்சியில் வைப்பதாக முதலில் எண்ணியிருந்ததால், கீழிருந்து பார்ப்பவர்களுக்காக அப்படிச் செய்தார் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அதைச் "சரிசெய்து" சின்னத் தலையாக வரைந்தால் அது வேறு யாரோ ஆகிவிடும்.

சரி, என் விதி உடையும் இடம் எது? வெண்கலம். வெயிலில் நிற்கும் கறுத்த வெண்கலத்தில் நடுச்சாம்பல் அவ்வளவாக இருக்காது. பளிச்சென்று வெள்ளை, பக்கத்திலேயே கறுப்பு. அங்கே பிரஷ் பேனாதான் ராஜா, பென்சில் சோகையாகத் தெரியும்.

இனி கட்டடம். சிலையில் இல்லாததெல்லாம் இங்கே இருக்கிறது: கோடு, விளிம்பு, எண்ணிக்கை. பேனாவைத் தூக்கிக் கொடுப்பதும் அதனால்தான். ஆனால் உண்மையான காரணம் வேறு. பென்சில் கையில் இருந்தால் கட்டடத்தை அழித்து அழித்து வரைவோம். கூரைக்கோடு சாய்ந்ததா, அழி. தூண் தள்ளிப்போனதா, அழி. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தாளில் அழுக்குதான் இருக்கும். பேனாவில் அந்தச் சலுகை இல்லை. தப்பான கோட்டுக்குப் பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டுவிட்டு நகர வேண்டும். இரண்டு கோடும் சேர்ந்து நின்றாலும் கட்டடம் கட்டடமாகத்தான் தெரியும். கட்டடம் மன்னிக்கும், முகம் மன்னிக்காது.

பேனாவில் எண்ணாமல் ஆரம்பிக்கக் கூடாது. தூண் எத்தனை, ஜன்னல் எத்தனை என்று எண்ணி ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஏதென்ஸில் இருக்கும் பழைய கிரேக்கக் கோயில் பார்த்தினானுக்கு முன்பக்கம் எட்டுத் தூண். அகலத்தை ஏழு சம இடைவெளியாகப் பிரித்து அழகாகப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் பொருந்தாது. ஏனென்றால் இரண்டு மூலையிலும் தூண்கள் கொஞ்சம் நெருங்கி நிற்கின்றன. மூலைத்தூண் மற்றதைவிடச் சற்றுத் தடிமனும்கூட. டோரிக் என்ற அந்தக் கிரேக்கப் பாணியில் கோயில் கட்டியவர்கள் மூலையை அப்படித்தான் சமாளித்தார்கள். படித்து மறந்த இந்த விஷயம், கோடு பொருந்தாமல் ஒருமுறை முழித்தால் பிறகு மறக்கவே மறக்காது.

எந்தப் பேனா? இதில் நான் பட்ட அடி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை பெரிய மாளிகை ஒன்றின் முகப்பை ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து வரைந்தேன். பலகணி, கம்பி வேலைப்பாடு, மேலே சிங்கமுகம் எல்லாம் வந்தது. திருப்தியாக மேலே ஒரு கை வாட்டர் கலர் தடவினேன். மை கரைந்து சிங்கம் அழுதது. பேனா தண்ணீரில் கரையும் மை ரகம், நான் பார்க்கவில்லை. வண்ணம் பூசும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் சகுரா மைக்ரான் மாதிரி நிறமி மைப் பேனா வாங்குங்கள். காய்ந்தால் கரையாது. இங்க் பேனாவில் நிறமி மை ஊற்றுகிறவர்கள், பேனாவைப் பல நாள் சும்மா போட்டுவைக்காதீர்கள், உள்ளே அடைத்துக்கொள்ளும்.

அந்த விபத்திலிருந்து ஒரு லாபமும் வந்தது. கரையும் மையில் நாலு கோடு போட்டு ஈரவிரலால் இழுத்தால் சாம்பல் நிழல் கிடைக்கிறது. சிலைக்குப் பேனாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இதுதான் நடுவழி.

வாட்டர் கலருக்கு வருவோம். இணையத்தில் எல்லோரும் காட்டுவது அதைத்தான், பார்க்கவும் அழகு. ஆனால் பயணத்தில் அது கேட்கும் விலை அதிகம். உட்கார இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், 300 ஜிஎஸ்எம் தடித்த தாள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காய்வதற்குக் காத்திருக்க வேண்டும். 1819-இல் ஆங்கிலேய ஓவியர் டர்னர் இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கம் பென்சிலால் கிறுக்கிக்கொண்டே திரிந்தபோது, வண்ணத்தில் போடாமல் ஏன் இப்படி என்று அங்கிருந்தவர்களுக்கு ஆச்சரியம். வெளியிடத்தில் வண்ணம் பூச நேரம் போதாது, ஒரு வண்ணப்படம் போடும் நேரத்தில் பதினைந்து பதினாறு பென்சில் படம் போடலாம் என்று அவர் சொன்னதாக, கட்டடக் கலைஞர் ஜான் சோனின் மகன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வண்ணத்துக்கே பேர்போன டர்னர் கணக்கே இப்படி என்றால் நம் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிச்சம் வேறு ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கு 15 பாகை வீதம் சூரியன் நகர்கிறது. நாற்பது நிமிஷ வாட்டர் கலரில் பத்துப் பாகை போய்விடும். ஆரம்பத்தில் ஜன்னலுக்கு இடப்பக்கம் இருந்த நிழல், முடிக்கும்போது வேறெங்கோ இருக்கும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1892, 93-இல் ரூவான் நகரத் தேவாலய முகப்பைத் தீட்டியபோது பல கான்வாஸ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறினார். அந்த வரிசையில் முப்பதுக்கும் மேல் படங்கள் உண்டு. நம்மிடம் அந்த வசதி இல்லை. எந்தக் கருவியாக இருந்தாலும் நிழலின் எல்லையை முதல் ஐந்து நிமிஷத்தில் குறித்துவிட்டு, பிறகு சூரியன் என்ன செய்தாலும் அதை மாற்றக் கூடாது.

வண்ணம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய கல் கட்டடத்துக்கு இரண்டே வண்ணம் போதும்: அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும். இரண்டையும் கலந்தால் வரும் சாம்பலில் நீலத்தைக் கூட்டினால் நிழல்பக்கக் கல், சியன்னாவைக் கூட்டினால் வெயில்பக்கக் கல். பன்னிரண்டு கட்டி டப்பாவைச் சுமப்பதைவிட இது மேல்.

டேப்லெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் திரை தெரியாது. நிழலில் உட்கார்ந்தால் தெரியும், ஆனால் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு ஏழு தடவை திரும்பப் பெறலாம் என்ற வசதியே ஆளைக் கெடுத்துவிடுகிறது. அறைக்குள் ராத்திரி உட்கார்ந்து வேலை செய்ய அருமையான சாதனம். சதுக்கத்தில் அது எனக்குச் சரிப்படவில்லை.

பெரிய போட்டி இதுவெல்லாம் இல்லை. "போட்டோ எடுத்துக்கொண்டு போய் அறையில் வரைந்தால் என்ன?" என்பதுதான். நியாயமான கேள்வி. மழை, கூட்டம், பஸ் கிளம்பும் நேரம் என்று காரணங்கள் இருக்கத்தான் செய்கின்றன. கட்டடத்தைப் பொறுத்தவரை ஒரு தொல்லை: போனை மேலே சாய்த்து எடுத்தால் நேர்ச்சுவர்கள் மேலே போகப்போகக் குவியும், கோபுரம் பின்னால் விழப்போவதுபோல இருக்கும். நேரில் பார்க்கும்போது நம் கண் அதைச் சரிசெய்து, செங்குத்தை செங்குத்தாகவே வைத்துக்கொள்கிறது. போட்டோவைப் பார்த்து வரைந்த படம் என்று கண்டுபிடிக்க அந்தக் குவியும் சுவர் ஒன்றே போதும். இன்னொன்று, நிழலுக்குள் இருக்கும் வேலைப்பாடு படத்தில் வெறும் கறுப்பாகிவிடும். நேரில் அங்கே இன்னும் நாலு அடுக்கு சாம்பல் தெரியும்.

2014-இல் லிண்டா ஹென்கல் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு அருங்காட்சியகத்தில் சிலரைச் சுற்றிவரச் சொல்லி, சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். முழுப்பொருளையும் படமெடுத்தவற்றைப் பற்றி அவர்களுக்குக் குறைவாகத்தான் ஞாபகம் இருந்தது. ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த மறதி வரவில்லை. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் பிடித்தது. நேரமில்லாத நாளில் முழு மாளிகையை அரைகுறையாக வரைவதற்குப் பதில் ஒரே ஒரு ஜன்னலை, அதன் மேல் வளைவை மட்டும் வரைந்துகொண்டு வருவேன். மாளிகை முழுதும் போனில் இருக்கட்டும்.

அருங்காட்சியகத்துக்குள் விவாதமே இல்லை. பல இடங்களில் பென்சிலை மட்டும்தான் அனுமதிப்பார்கள், மையும் தண்ணீரும் கூடாது. சில சிலைகளுக்கு இரண்டு வழியும் இருக்கிறது. தாவீதின் மூலச்சிலை 1873 முதல் ஃபிளாரன்ஸின் அகாதமியா கலைக்கூடத்துக்குள் இருக்கிறது. அதே ஊர்ச் சதுக்கத்தில் நிற்பது 1910-இல் வைத்த நகல். உள்ளே உண்மையான பளிங்கு, ஆனால் அசையாத மேல்வெளிச்சம், தோளில் இடிக்கும் கூட்டம். வெளியே நகல், ஆனால் வெயிலும் நிழலும் உண்டு. வரைவதற்கு என்று மட்டும் கேட்டால் நான் வெளியே நிற்பதைத்தான் சொல்வேன்.

இப்போது என் பையில் 2பி பென்சில் ஒன்று, 0.3 நிறமி மைப் பேனா ஒன்று, ஏ5 புத்தகம் ஒன்று. பென்சில் பக்கங்கள் ஒன்றோடொன்று உரசி மங்காமல் இருக்க நடுவில் டிரேசிங் பேப்பர். வெள்ளைத்தாளில் நேர்வெயில் பட்டால் கண் கூசி எல்லாவற்றையும் அடர்த்தியாகப் போட்டுவிடுவோம் என்பதால், நிழல் தேடித்தான் நிற்பேன். வண்ணத்துக்கு டர்னர் வழி: படத்தின் மேலேயே எழுதிவிடுவது. போன மாதம் வரைந்த குதிரையின் வயிற்றுக்கடியில் "பாசிப்பச்சை, விளிம்பில் வானநீலம்" என்று இருக்கிறது. மூக்கில் "தொட்டுத் தொட்டுத் தங்கம்". இன்னும் வண்ணம் பூசவில்லை.