இடைவெளியை யார் முடிவு செய்வது? படிகத்தில் நானோ கோடு போட மூன்று வழிகள்

ஒளியை மிக மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாய்ச்சும் ஃபெம்டோசெகண்ட் லேசரைக் கொண்டு படிகத்தில் சில நூறு நானோமீட்டர் இடைவெளியில் வரிசையாகக் கோடு போட வேண்டும் என்றால் மூன்று வழி உண்டு. அந்த இடைவெளியை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

முதல் வழியில் ஒளியே முடிவு செய்கிறது. ஒரே இடத்தில் துடிப்புகளை விழவிட்டால், காற்று மணலில் போடுகிற மாதிரி வரிகள் தானாக எழும். 1965-இல் பிர்ன்பாம் ரூபி லேசரால் குறைக்கடத்திப் பரப்பில் பார்த்தது இதைத்தான். 2003-இல் சிமோட்சுமா, கசான்ஸ்கி குழுவினர் சிலிக்கா கண்ணாடிக்கு உள்ளேயே இப்படி வரிகள் அமைவதைக் காட்டினார்கள். அங்கே வரிகள் முனைவாக்கத் திசைக்கு, அதாவது ஒளியின் மின்புலம் அதிரும் திசைக்கு, செங்குத்தாக நிற்கும். அந்தத் திசையைத் திருப்பும் அரை அலைத் தட்டு என்ற ஒளியியல் தகட்டை 10 டிகிரி திருப்பினால் வரி 20 டிகிரி திரும்பிவிடும். வேலை சுலபம், வேகமும் உண்டு. ஆனால் வரிகள் நடுவில் கிளை பிரியும், ஒன்றோடொன்று சேரும். இடைவெளி துல்லியமாக வேண்டுமென்றால் இது ஆகாது. (இந்த வரிகளில் தரவைப் பதியும் தட்டை 'நினைவுப் படிகம்' என்கிறார்கள். அது படிகமே இல்லை, கண்ணாடி!)

இரண்டாவது, இரு கதிர்களைக் குறுக்கிடச் செய்வது. அவை சேரும் இடத்தில் ஒளியும் இருளுமாகப் பட்டைகள் விழும். இடைவெளியைக் கதிர்களுக்கு இடையிலான கோணம் தீர்மானிக்கிறது, கோடுகளும் நேராக வரும். சிக்கல் வேறிடத்தில். 100 ஃபெம்டோசெகண்ட் துடிப்பின் நீளம் வெறும் 30 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. இரண்டு பாதைகளின் நீளமும் அதற்குள் பொருந்தாவிட்டால் துடிப்புகள் சந்திக்கவே சந்திக்காது. இன்னொன்று: இரண்டு கதிரும் ஒரே தட்டையான முகப்பு வழியாக நுழைந்தால், படிகத்தின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. உள்ளே அலைநீளம் குறையும் அதே அளவுக்குக் கோணமும் சுருங்கிவிடும். 800 நானோமீட்டர் ஒளிக்கு இடைவெளி 400 நானோமீட்டருக்குக் கீழே போக வழியில்லை.

மூன்றாவது, இடைவெளியை நாமே முடிவு செய்து, லேசரின் குவியத்தை நகர்த்தி ஒவ்வொரு கோடாக எழுதி, அப்புறம் எழுதிய இடம் அரிந்து போக அமிலத்தில் ஊறவைப்பது. குவியத்தின் நட்டநடுப் பகுதி மட்டுமே சேதமாகும் அளவுக்கு ஆற்றலைக் குறைத்து வைப்பதால், கோடு அலைநீளத்தைவிட மெல்லியதாக அமைகிறது. 2019-இல் ரோடெனாஸ் குழு, லேசர்களில் பயன்படும் யாக் (YAG) என்ற படிகத்தில் 100 நானோமீட்டர் அளவிலான துளை வரிசைகளைச் செய்து காட்டியது. லேசர் பட்ட இடத்தை, படாத இடத்தைவிட லட்சம் மடங்குக்கும் மேல் வேகமாக அமிலம் அரித்தது. படிகமும் உடையவில்லை.

படிகத்தின் உள்ளே வேலை என்றால் என் ஓட்டு இதற்குத்தான். அதற்குக் கொடுக்கும் விலை நேரம். ஒரு மில்லிமீட்டர் கனசதுரத்தை 500 நானோமீட்டர் இடைவெளியில் நிரப்ப 40 லட்சம் கோடுகள் வேண்டும். மொத்தம் 4 கிலோமீட்டர். நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் 46 நாள். அமிலத்தில் ஊறும் நேரம் தனி.

வெறும் மேற்பரப்பில் வரிகள் ஒளியைப் பிரித்து நிறம் காட்டினால் போதும் என்பவர் இவ்வளவு பாடுபட வேண்டாம். முதல் வழியே சரி.