பலத்த காற்றில் தனியாள்: நான்கு பழைய பாய்ப்படகுகள்

சுக்கானைக் கையிலிருந்து விட்டுவிட்டால் படகு என்ன செய்யும்? தனியாக ஓட்டுவதற்குப் பழைய பாய்ப்படகு தேடும் யாரையும் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் சுக்கானைப் பிடித்துக்கொள்வார், மற்றவர் பாயைச் சுருக்குவார். தனியாளுக்கு இருப்பதோ இரண்டே கை. காற்று ஏறும்போது பாயைச் சுருக்க, சிக்கிய கயிற்றை எடுக்க, ஏன், ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கக்கூட சுக்கானை விட வேண்டியிருக்கும். அந்த இரண்டு நிமிடமும் படகு பொறுமையாக நிற்குமா, சுழன்று கவிழ்ந்துவிடுமா?

காற்றின் கணக்கு கொஞ்சம் கொடுமையானது. பாயின் மேல் விழும் விசை, காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று 20 நாட் ஆனால் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. காற்றின் பலத்தைத் தரம் பிரிக்கும் பியூஃபோர்ட் அளவில் 17 முதல் 21 நாட் வரை 5-ஆம் நிலை; அலை உச்சிகளில் வெள்ளை நுரை எங்கும் தெரியும். அடிக்கடி இப்படி வீசும் நீரில் தனியாக ஓட்டப்போகிறவர், காலையில் 8 நாட் காற்றில் படகு எவ்வளவு இனிமையாகப் போகிறது என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

பழைய படகுச் சந்தையில் தொடர்ந்து கண்ணில் படும் நான்கு படகுகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: லேசர், வேஃபாரர், டிராஸ்கோம் லக்கர், காம்பேக் 16. நான்கும் நான்கு விதமான சிந்தனையில் பிறந்தவை. இவற்றில் ஒன்றும் உங்களுக்குக் கிடைக்காவிட்டால், கிடைக்கும் படகு இந்த நான்கில் எதன் சாயலில் இருக்கிறது என்று பாருங்கள்.

லேசரிலிருந்து தொடங்கலாம். கனடாவைச் சேர்ந்த புரூஸ் கர்பி வரைந்தது, 1971-இல் சந்தைக்கு வந்தது. இதுவரை 2 லட்சத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். நீளம் சுமார் 4.2 மீட்டர், வெற்றுடல் எடை சுமார் 59 கிலோ. ஒரே ஆளுக்காகவே பிறந்த படகு என்பதால் எல்லாக் கயிறும் கைக்கெட்டும். கவிழ்ந்தால் பதற வேண்டியதில்லை. நடுப்பலகை (படகின் நடுவில் நீருக்குள் இறங்கியிருக்கும் பலகை) மேல் ஏறி நின்று பின்னால் சாய்ந்தால் ஒரு நிமிடத்தில் நிமிர்ந்துவிடும், உள்ளே பெரிதாகத் தண்ணீரும் தங்காது. நான்கு படகுகளில் தனியாளால் நம்பி நிமிர்த்த முடிந்தது இது ஒன்றுதான்.

குறை, பாயில் இருக்கிறது. லேசரின் பாய் ஒரு சட்டைக் கை போலப் பாய்மரத்தில் மாட்டப்படுவது. நடுநீரில் காற்று ஏறினால் அதைச் சுருக்க வசதியான வழி இல்லை. கரையிலேயே சின்னப் பாயைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போக வேண்டும். பெரிய பாய் 7.06 சதுர மீட்டர், ரேடியல் என்ற நடுத்தரப் பாய் 5.76, அதற்கும் சின்னது 4.7. உடல் ஒன்றேதான், மரத்தின் கீழ்த்துண்டையும் பாயையும் மாற்றினால் போதும். 20 நாட் காற்றில் 4.7 பாய் தரும் விசை, 16 நாட் காற்றில் பெரிய பாய் தருவதற்கு ஏறக்குறையச் சமம். அதனால் காற்று அதிகமுள்ள இடத்துக்கு லேசர் வாங்குகிறவர், விற்பவரிடம் பெரிய பாய் மட்டும் இருந்தால் ரேடியல் பாயும் கீழ்த்துண்டும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கணக்குப் போட வேண்டும். 60, 65 கிலோ எடையுள்ளவருக்குப் பலத்த காற்றில் பெரிய பாய் வெறும் போராட்டம்.

சுக்கானை விட்டால்? பாய்க்கயிற்றையும் விட்டு, காற்றுக்குக் குறுக்காக நிறுத்தினால் பாய் படபடத்துக்கொண்டு படகு சற்று நேரம் நிற்கும். ஆனால் அது நிற்பதே உங்கள் உடல் எடையை நம்பித்தான். எழுந்து அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, போய் எதையும் சரிசெய்ய முடியாது. அதனால் என் கணக்கில் லேசர், ஆட்களும் மீட்புப் படகும் இருக்கும் மூடிய நீருக்கான படகு. இரண்டு மணி நேரம் நனைந்து, உடம்பு வலிக்க ஓட்டிவிட்டுக் கரைக்கு வருவதற்கு இதை அடிக்க வேறு ஒன்று இல்லை. கரையை விட்டு விலகிப் போவதற்கு அல்ல.

வேஃபாரர் எனக்கு மிகவும் பிடித்த படகு. அதனாலேயே அதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. இயன் புரோக்டர் 1957-இல் வரைந்தது. 4.82 மீட்டர் நீளம், உடல் மட்டும் சுமார் 170 கிலோ. இந்தப் படகின் பெயரைச் சொன்னாலே ஃபிராங்க் டையின் கதை வந்துவிடும். 1963-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரை இந்தத் திறந்த படகில் போனவர். அடுத்த ஆண்டு நார்வேக்குப் போகும் வழியில் புயலில் சிக்கி, நான்கு முறை கவிழ்ந்து, மரம் உடைந்தும் கரை சேர்ந்தார். கேட்டவுடன் எவருக்கும் ஒரு வேஃபாரர் வாங்கத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு பயணத்திலும் டையோடு இன்னொருவர் இருந்தார். கவிழ்ந்த படகை ஒருவர் நிமிர்த்த, மற்றவர் பிடித்துக்கொள்ள முடிந்தது.

தனியாக வேஃபாரரைக் கவிழ்த்தவர்களுக்குத் தெரியும், அது வேறு அனுபவம். நானும் ஒரு முறை கவிழ்த்திருக்கிறேன். மரம் மெல்ல நீருக்குள் இறங்கி, படகு தலைகீழாகத் தொடங்கியது. நடுப்பலகையில் தொங்கி நிமிர்த்தவே மூன்றாவது முயற்சி ஆனது. நிமிர்ந்த படகு காற்றைப் பிடித்து என்னை விட்டுப் போகப் பார்த்தது. கையில் பாய்க்கயிற்றின் நுனி இருந்ததால்தான் தப்பித்தேன். உள்ளே ஏறுவதற்குள் கைகளில் பலமே இல்லை. அன்றைக்குத் தண்ணீர் குளிராக இல்லாதது என் அதிர்ஷ்டம்.

ஆனாலும் வேஃபாரரை ஒதுக்க மாட்டேன். பெரிய பாயைச் (இங்கே, மரத்தில் ஏற்றும் முக்கியப் பாய்) சுருக்கும் வசதி ஒழுங்காக இருக்கும் வேஃபாரர், பலத்த காற்றில் அடக்கமாக நடக்கும். முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, பெரிய பாயைத் தளர்த்தி, சுக்கான் கட்டையை (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) காற்று போகும் பக்கம் தள்ளிக் கட்டினால் படகு கிட்டத்தட்ட நின்றுவிடும். அந்த நேரத்தில் பாயைச் சுருக்கலாம். சரி, தனியாளுக்கு இதில் என்னென்ன சேர்க்க வேண்டும்? மர உச்சியில் ஒரு மிதவை, அது தலைகீழாவதைத் தடுக்கும். சுருட்டி வைக்கக்கூடிய முன்பாய். சுருக்கும் கயிறுகள் எல்லாம் உட்காரும் இடத்துக்கே வருமாறு ஒரு மாற்றம். நீரிலிருந்து ஏற, காலை வைத்து மிதிக்க ஒரு கயிற்று வளையம். இவை ஏற்கெனவே பொருத்தப்பட்ட படகு கிடைத்தால், பளபளப்பாக இருக்கும் மற்றதை விட்டு அதை எடுங்கள். பலகைகளின் வண்ணத்தை நீங்களே பூசிக்கொள்ளலாம்.

டிராஸ்கோம் லக்கரைப் பார்த்தால் முதலில் யாருக்கும் வேகம் ஞாபகத்துக்கு வராது. பழங்கால மீன்பிடிப் படகு போல இருக்கும். ஜான் வாட்கின்சன் 1960-களில் தன் குடும்பத்துக்காக வரைந்தது. நீளம் 5.72 மீட்டர், எடை சுமார் 340 கிலோ. இதில் மூன்று பாய்: முன்பாய், பெரிய பாய், அமரத்துக்கு (படகின் பின்முனை) பின்னால் நீட்டிய ஒரு குச்சியில் கட்டப்படும் குட்டிப் பின்பாய். இந்தக் குட்டிப் பாய் வெறும் அலங்காரம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். அதன் வேலையைப் பலத்த காற்றில் பார்த்த பிறகுதான் புரிந்தது.

பின்பாயை இறுக இழுத்துக் கட்டிவிட்டு, பெரிய பாயை இறக்கி, முன்பாயைச் சுருட்டிவிட்டால், படகு காற்றுத் திசைகாட்டி மாதிரி தானாகவே காற்றின் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். சுக்கானில் கை வைக்க வேண்டியதே இல்லை. நீங்கள் எழுந்து நின்று பாயைச் சுருக்கலாம், வரைபடம் பார்க்கலாம், உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். காற்று இன்னும் ஏறினால் பெரிய பாயை ஏற்றாமல் முன்பாயும் பின்பாயும் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டலாம். இழுப்பு முன்னும் பின்னும் சமமாக இருப்பதால் சுக்கான் கையைப் பிய்க்காது. பெரிய பாயின் அடியில் குறுக்குக்கட்டை கிடையாது. எதிர்பாராமல் பாய் மறுபக்கம் தாவும்போது தலையைப் பிளக்க அங்கே ஒன்றும் இல்லை. மரம் குட்டை, ஒருவரே தூக்கி நிறுத்தலாம்.

1978-இல் வெப் சைல்ஸ் என்பவர் இந்த வகைத் திறந்த படகில் சான் டியேகோவிலிருந்து தனியாகப் புறப்பட்டு பசிபிக்கைக் கடக்கப் போனார். பல ஆயிரம் மைல் போனார். ஒரு கட்டத்தில் படகு புரண்டு, நீர் நிரம்பி, இரண்டு வாரம் மிதந்துதான் கரை சேர்ந்தார். இந்தப் படகின் பலமும் பலவீனமும் அந்தப் பயணத்திலேயே இருக்கின்றன. அடியில் எடை கிடையாது, நீர் நிரம்பினால் தனியாளால் நிமிர்த்தி இறைப்பது பெரும்பாடு. லக்கரைத் தேர்ந்தெடுப்பவர் கவிழ்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போகக் கூடாது. வெள்ளை நுரை தெரிந்தவுடனே பாயைக் குறைக்கிறவராக இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை இந்தப் படகு சுலபமாக்கித் தருகிறது. காற்றை எதிர்த்து ஏறுவதில் லேசரும் வேஃபாரரும் இதைவிட நன்றாகப் போகும், அதை மறைப்பதற்கில்லை. காற்றுக்கு எதிராகத் துறைக்குத் திரும்ப வேண்டிய நாளில் படகுக்குள்ளேயே கிணறு போல இருக்கும் திறப்பில் பொருத்திய எஞ்சினைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

காம்பேக் 16-ஐ வரைந்தவர் கிளார்க் மில்ஸ். சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகை 1947-இல் வரைந்தவரும் அவர்தான். சுமார் 5 மீட்டர் நீளம், ஏறக்குறைய 500 கிலோ எடை; அதில் 200 கிலோ அடிப்பகுதியில் நிலையாகப் பதித்த எடை. உள்ளே குனிந்து படுக்க ஒரு சின்ன அறையும் உண்டு. காற்றடி வந்தால் சாயும், பிறகு அந்த எடை பிடித்து இழுத்து நிமிர்த்தும். உங்கள் உடலைப் படகுக்கு வெளியே தொங்கவிட்டுச் சமன் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், முதுகு வலி உள்ளவர்கள் நேராக இதற்கே போகலாம்.

விலை கொடுக்க வேண்டிய இடம் வேறு. படகின் அடியில் நீண்டிருக்கும் அடிக்கட்டை வெறும் 46 சென்டிமீட்டர் ஆழம்தான், அதனால் காற்றை எதிர்த்து ஏறும்போது பக்கவாட்டில் வழுக்கும். குட்டையான, செங்குத்தான அலைகளில் நின்று நின்று போகும். நீரோட்டம் காற்றுக்கு எதிராக ஓடும் இடங்களில் இது சலிப்பைத் தரும். அடிக்கட்டை நிலையானது என்பதால் ட்ரெய்லரை நீருக்குள் ஆழமாக இறக்க வேண்டும். தனியாளுக்கு அது ஒரு தனி வேலை.

இரட்டை உடல் கொண்ட ஹோபி 16-ஐ ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். அது பறக்கும். ஆனால் கவிழ்ந்தால் சராசரி எடையுள்ள ஒருவரால் தனியாக நிமிர்த்துவது மிகக் கடினம். தனியாளுக்கு என்ற தலைப்பில் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

ஆக, என் தேர்வு லக்கர். கரையை விட்டு விலகி, பகல் முழுக்கத் தனியாகச் சுற்ற நினைப்பவருக்கு, காற்று அதிகமுள்ள நீரில், பின்பாய் உள்ள படகை விட நல்ல துணை இந்த அளவில் எனக்குத் தெரியவில்லை. இளைஞர், விளையாட்டாக ஓட்டுபவர், பக்கத்தில் ஆட்கள் உண்டு என்றால் சின்னப் பாயோடு லேசர். கையில் காசு குறைவு, கருவிகளோடு உட்கார்ந்து மாற்றம் செய்யப் பொறுமை இருக்கிறது என்றால் வேஃபாரர். கவிழும் பயம் இரவில் தூங்க விடவில்லை என்றால் காம்பேக்.

பழைய படகு என்பதால் பெயரை விட நிலைமைதான் முக்கியம். லேசரில் மரம் செருகும் குழியில் தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் அடியில் விரிசல். காற்று பலமாக வீசும்போது அந்த இடம்தான் முதலில் உடையும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் பாருங்கள். 59 கிலோவை விடக் கணிசமாகக் கனத்தால் உள்ளே நீர் ஊறியிருக்கிறது. வேஃபாரரில் முன்னும் பின்னும் உள்ள காற்றறைகளின் மூடிகளைத் திறந்து, ரப்பர் விளிம்பு இறுக்கமா என்று பாருங்கள். அந்த அறைக்குள் நீர் புகும் படகு, கவிழ்ந்தால் உங்களைக் காப்பாற்றாது. லக்கரில் நடுப்பலகைக்குப் பதிலாக இருக்கும் நடுத்தகடு எஃகு. துருப்பிடித்து உப்பினால் உறைக்குள் சிக்கிக்கொள்ளும். ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். காம்பேக்கில் மரம் நிற்கும் இடத்தில் மேல்தளம் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த சத்தம் எங்கே மந்தமாகிறதோ அங்கே உள்மரம் ஊறியிருக்கும். கம்பி வடங்கள் உள்ள எல்லாப் படகிலும் வடத்தின் மேல் ஒரு பஞ்சை ஓட்டுங்கள், அறுந்த இழை பஞ்சைப் பிடிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் வெள்ளோட்டம் கேளுங்கள். காற்றில்லாத நாளில் வேண்டாம், 12 நாட் காற்றாவது வீசட்டும். விற்பவர் கூட வரட்டும், ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். மரத்தை நிறுத்துவதிலிருந்து பாயைச் சுருக்குவது வரை நீங்களே செய்யுங்கள். நடு நீரில் படகை நிறுத்தி, பாயைச் சுருக்கி, மறுபடி ஓடத் தொடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். எந்தக் கயிற்றுக்காக எழுந்து அணியத்துக்குப் போக வேண்டியிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; வாங்கிய பிறகு முதலில் மாற்ற வேண்டியது அந்தக் கயிற்றின் வழியைத்தான்.