கட்டைப்பையா, டிராலியா? வடசென்னையில் பிரசவத்துக்குப் பை கட்டும்போது

பிரசவத்துக்கு என்னென்ன எடுத்துக்கொண்டு போவது என்று போனில் தேடினால் நீளநீளமாகப் பட்டியல் வருகிறது. தனி ரூம், உள்ளேயே பாத்ரூம், பக்கத்திலேயே கணவர், துணி அடுக்க அலமாரி என எல்லாம் இருக்கிற இடத்தை நினைத்து எழுதிய பட்டியல் அது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் பேர் பதிந்திருக்கிற பெண்ணுக்கு அதில் பாதி தேவைப்படாது. அவளுக்குத் தேவையான சில பொருள்கள் அதில் இருக்கவும் இருக்காது. அதனால் எது நல்ல பொருள் என்று பார்ப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். எந்த ஆஸ்பத்திரி? பையைத் திறக்கப்போவது யார்?

இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. பிள்ளை பெறுகிறவள் முதல் நாள் அந்தப் பையைத் தொடக்கூட மாட்டாள். வலியில் துடித்துக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும். திறப்பது அம்மாவோ அத்தையோ அண்ணியோதான். லேபர் வார்டு கதவு பாதி திறக்கும். ஆயாம்மா தலையை நீட்டி, "கூட வந்தவங்க யாரும்மா? கொழந்தைக்குத் துணி குடு, சீக்கிரம்" என்பார். அத்தை டிராலியைத் தரையில் படுக்கவைத்து, ஜிப்பைச் சுற்றி இழுத்து, மடித்த நைட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் மருமகளுக்கே போன் போடுவார். அது அத்தை தோளில் மாட்டியிருக்கும் மருமகளின் ஹேண்ட்பேக்குக்குள் அடிக்கும். எந்த இரண்டு பொருளை ஒப்பிட்டாலும் இந்தக் கதவடி நிமிஷத்துக்கு எது உதவும் என்றுதான் நான் பார்ப்பேன்.

டிராலியா, கட்டைப்பையா?

தனியார் ஆஸ்பத்திரியில் ரூம் எடுத்தால் டிராலி சரிதான். ஓர் ஓரமாக நிற்கும், பூட்டும் போடலாம். அரசு ஆஸ்பத்திரி வார்டில் பைக்குக் கட்டிலுக்கு அடியில்தான் இடம். தரையைத் துடைக்க வரும்போதெல்லாம் அதைத் தூக்க வேண்டும். டிராலியை விரித்துப் படுக்கவைக்க அங்கே தரையும் கிடைக்காது. இந்த இடத்தில், கல்யாணத்துக்குப் புடவை எடுத்தபோது துணிக்கடையில் கொடுத்த கட்டைப்பை கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். வாய் அகலம். நிற்கவைத்தபடியே கையை விட்டு எடுக்கலாம். காலியானால் மடித்து வைத்துவிடலாம். குறை என்னவென்றால் ஜிப் கிடையாது. பர்ஸ், போன், ரிப்போர்ட் எதையும் அதில் போடக் கூடாது. மழையில் நனையும், கண்டபடி நிரப்பினால் பிடி கையை அறுக்கும்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு கட்டைப்பை என்பதே என் கட்சி. ஒன்று வார்டுக்குள் போவது, இன்னொன்று வெளியே காத்திருப்பவர் கையில் இருப்பது. உள்ளே பெண் துணைக்குத்தான் அனுமதி, ஆண்கள் வெளியேதான். கணவர் கையில் இருக்கிற பையில் பேட் பாக்கெட்டை வைத்துவிட்டு உள்ளே தவிப்பதில் அர்த்தமில்லை. தனியாருக்குப் போகிறவர்களும் டிராலியோடு ஒரு சின்னக் கட்டைப்பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தவுடன் கேட்கிற பொருள்களுக்கு மட்டும் அது. பச்சைக் கவரில் குழந்தைக்கு: துவைத்த மெல்லிய காட்டன் துணி மூன்று நான்கு, துண்டு, குல்லா, ஒரு ஜபலா. சிவப்புக் கவரில் அம்மாவுக்கு: முன்பக்கம் திறக்கிற நைட்டி, உள்ளாடை, பேட். கவர் மேல் எழுதி ஒட்டலாம். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாட்டிக்கும் நிறம் தெரியும்.

ரெடிமேட் கிட்டா, எம்.சி. ரோடா?

ஆன்லைனில் விற்கும் பிறந்த குழந்தை கிட்டுகளின் ஒரே பலம் வசதி. வேலைக்குப் போய்க்கொண்டே எட்டாவது மாதம் ஓட்டுகிறவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல. பெட்டியைத் திறந்தால்தான் ஏமாற்றம். பஞ்சு மாதிரி புசுபுசு போர்வை, கழுத்துக்குப் பிப், கால் விரல் நீளத்துக்கு ஷூ. சித்திரை வெயிலில் தண்டையார்பேட்டை ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுக்குள் அந்தப் போர்வையைச் சுற்றினால் குழந்தைக்கு வேர்க்குரு வந்துவிடும். பிறந்த குழந்தை சூட்டைச் சட்டென்று இழக்கும் என்பது உண்மைதான். அதற்குத் தலையை மூடும் குல்லாவும், அம்மா மார்போடு தோல் பட அணைத்து வைப்பதும், இரண்டு சுற்று மெல்லிய பருத்தித் துணியும் போதும்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு சாயங்காலம் நடந்தால் முடிச்சுப் போடுகிற பருத்தி ஜபலா, துண்டு, நைட்டி எல்லாமே கையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம். அந்தத் தொட்டுப் பார்ப்பதுதான் ஆன்லைனில் கிடைக்காதது. ஜபலாவின் தையல் ஓரத்தை உங்கள் உள்கையில் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கே குத்தினால் குழந்தைக்கு வேண்டாம். பொத்தான் வைத்ததைவிட நாடா வைத்தது மேல். தலை வழியாக மாட்டுகிற மாடலைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். கழுத்து நிற்காத குழந்தைக்கு அதை மாட்டிவிடப் பாட்டிகளுக்கே கை நடுங்கும்.

மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு, பல வீடுகளில் அதுதான் ஜெயிக்கும்: "பொறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி வாங்கக் கூடாது." இதை நம்புகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அக்கா பிள்ளை போட்ட ஜபலா, பலமுறை துவைத்து மெத்தென்று ஆனது, புதுசை விட நல்லது. சோப்புப் போட்டு அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். புதுசு வாங்கினாலும் ஒருமுறை துவைக்காமல் எடுத்துப்போகக் கூடாது, கஞ்சி உறுத்தும்.

அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கென்று 2015-ல் தொடங்கிய அரசுப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள். துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, அம்மாவுக்குச் சுண்டி லேகியம் வரை உண்டு. "அதான் குடுக்கறாங்களே" என்று வெறுங்கையோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். பெட்டகம் பிறந்த பிறகு கைக்கு வருவது. கதவடியில் கேட்கிற முதல் துணி உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். அதை நம்பிக் குறைக்க வேண்டியது எண்ணெய், சோப்பு, கொசுவலை. அவற்றை இரட்டிப்பாக வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பழைய புடவையா, டயாபரா?

இதில்தான் தலைமுறைச் சண்டை. அம்மா பழைய காட்டன் புடவையைக் கிழித்து ஓரம் மடித்து அடுக்கி வைத்திருப்பார். மகள் டயாபர் பாக்கெட்டை ஆர்டர் போட்டிருப்பாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

துணியின் பெரிய பலம் கணக்கு. முதல் நாள் குழந்தை ஒன்றிரண்டு முறைதான் ஒன்றுக்குப் போகும். ஐந்தாம் நாள் வாக்கில் ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். துணியில் ஒவ்வொரு தடவையும் தெரிந்துவிடும். டயாபர் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு சும்மா இருக்கும். துணியின் பெரிய பலவீனம் துவைப்பது. முதல் இரண்டு நாள் மலம் கருப்பாக, தார் போல ஒட்டும். வார்டு குழாயடியில் அதைத் தேய்த்துத் துவைத்து, கார்த்திகை மழையில் காயப்போட இடம் தேடுகிற பாட்டியின் முதுகை யார் பார்த்துக்கொள்வது?

ஆகவே இரண்டும் வேண்டும். சுற்றுவதற்கும் பகலுக்கும் துணி, இரவுக்கும் வீடு திரும்பும் பயணத்துக்கும் டயாபர். பிறந்த குழந்தை அளவில் சின்ன பாக்கெட் ஒன்று போதும். பெரிய பாக்கெட் வாங்கினால் பிள்ளை அந்த அளவைத் தாண்டிவிடும், மீதி வீணாகும். எதைக் கட்டினாலும் தொப்புள்கொடி மூடாதபடி மேல் ஓரத்தைக் கீழே மடித்துவிடுங்கள்.

அம்மாவின் விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு கிடையாது. பேட்தான். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு நாலு முதல் ஆறு வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். முதல் சில நாள் அதிகம். தையல் போட்டிருக்கிற இடத்தில், வெயிலே படாமல் பாத்ரூம் கொடியில் அரைகுறையாகக் காய்ந்த துணியை வைப்பது புண்ணுக்கு நல்லதில்லை. மாதவிலக்குக்கு வாங்குகிற சாதா பேட் முதல் இரண்டு நாளுக்குத் தாங்காது. பிரசவப் பேட் அல்லது நீளமான இரவுப் பேட் இரண்டு பாக்கெட் வையுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுசாக நனைந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். பேட் வைத்திருந்தால் இந்த அளவு யாருக்கும் புரியும். டாம்பூன், கப் எதையும் இப்போது யோசிக்கவே வேண்டாம்.

புடவையா நைட்டியா என்பதில் பேச ஒன்றுமில்லை. சிசேரியன் ஆனால் பாவாடை நாடா தையலை உறுத்தும். ஜிப் வைத்த நைட்டி மூன்று, உள்ளாடை வழக்கத்தை விட ஓர் அளவு பெரியதாக. வீடு திரும்ப ஒன்று நல்லதாக.

ஃபைலா, போன் போட்டோவா?

ரிப்போர்ட்டை எல்லாம் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன் என்பவர்களே, நடுராத்திரியில் டியூட்டி டாக்டர் உங்கள் போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கப்போவதில்லை. தாய்-சேய் நல அட்டை, கடைசி ஸ்கேன், ரத்தப் பிரிவு ரிப்போர்ட், ஆதார் நகல், பாஸ்புக் நகல் எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கட்டும். முதல் பக்கத்தில் பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது கொடுத்த எண்ணை, பெரிதாக எழுதுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் அது வேண்டும், தனியாரில் பெற்றாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். போட்டோ கூடுதல் காப்பு, அவ்வளவே. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவர்களுக்குப் பிளாஸ்டிக் ஃபைல் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாளி, மக், பாய், போர்வை: அரசுக்கு ஆமாம், தனியாருக்கு வேண்டாம். ஃபிளாஸ்க் இரண்டுக்கும். சில்லறை நோட்டு இரண்டுக்கும். சார்ஜர் நீள ஒயரோடு. ஆஸ்பத்திரி எதிரே ஒரு மருந்துக் கடையில் ராத்திரி இரண்டு மணிக்குப் பேட் கேட்டபோது, இருப்பதிலேயே விலை கூடிய ஒன்றை மட்டும் எடுத்து வைத்தார்கள். மற்றது "ஸ்டாக் இல்ல." தேவையை வீட்டிலிருந்தே எடுத்துப்போனால் அந்தப் பேச்சே வராது.

பையிலிருந்து வெளியே எடுக்க வேண்டியவையும் உண்டு. பால் பவுடர், ஃபீடிங் பாட்டில், தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, மை, பவுடர். சீம்பால்தான் முதல் உணவு. தேன் ஒரு வயது வரை ஆகாது. "எங்க காலத்துல நாக்குல தொட்டு வெச்சோம்" என்று பெரியம்மா சொன்னால், "டாக்டர் திட்டுவாரு பெரிம்மா" என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள், வாக்குவாதத்தைவிட அது வேகமாக வேலை செய்யும். தங்கம் வீட்டில் இருக்கட்டும். வளைகாப்புக் கண்ணாடி வளையலையும் நகப்பூச்சையும் முன்பே எடுத்துவிடுங்கள். மெட்டியை ஒன்பதாம் மாதம் தொடங்கும்போதே சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்றுங்கள். கால் வீங்கிய பிறகு அது வராது.

36-வது வாரத்துக்குள் பை தயாராக இருப்பது நல்லது. வலி மெதுவாக வந்தால் பையோடு கிளம்பலாம். பனிக்குடம் உடைந்து தண்ணீர் போனால், ரத்தம் பட்டால், குழந்தை அசைவு குறைந்ததாகத் தோன்றினால், கண் மங்கித் தலைவலி வந்தால் பையைத் தேடாதீர்கள். ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு 108-க்குப் போன் போடுங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் விழுந்துவிட்டால், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டிவிட்டால், போகிற நேரம் உங்கள் கையில் இல்லை. துணியை யாராவது பின்னால் கொண்டுவந்து கொடுப்பார்கள்.